தனியாக ஒரு முட்டை

காசநோய்ப் பிரிவுக்குப் போனவர்களுக்கு அந்தச் சுவர்ப்படம் தெரிந்திருக்கும். முட்டை, ஒரு டம்ளர் பால், மீன், கீரைக்கட்டு, கிண்ணத்தில் பருப்பு. கீழே சத்தான உணவு சாப்பிடச் சொல்லி ஒரு வாசகம். ஊருக்கு ஊர் காய்கறி மாறும், ஆப்பிள் மட்டும் எப்படியோ எல்லாப் படத்திலும் இடம் பிடித்துவிடும். அந்தப் படத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஓர் எரிச்சல் உண்டு. அதில் சொல்லியிருப்பது எதுவும் தப்பில்லை. அப்புறம் ஏன் எரிச்சல் என்று கேட்டால், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனுக்குச் சளியில் கிருமி இருப்பதாக ரிசல்ட் வந்தபோதுதான் எனக்குப் பதில் கிடைத்தது.

அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். நல்ல உயரமான ஆள், எடை மெஷின் 40-ஐத் தொடவில்லை. மாத்திரை அட்டையைக் கொடுத்த பணியாளர் அன்பாகத்தான் பேசினார். “தினம் ரெண்டு முட்டை, பால், பருப்பு, சுண்டல். நல்லா சாப்பிடணும்ண்ணா, வெறும் மாத்திரை போதாது” என்றார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார். “வீட்ல நாலு பேரு சார். எனக்கு மட்டும் தனியா ஒரு முட்டைய வேக வெச்சு, சின்னது ரெண்டும் பாத்துட்டு நிக்கிறப்ப நான் உரிச்சுத் திங்கணுமா?” கோபமில்லாமல், நிஜமான சந்தேகமாகவே கேட்டார். நான் டீயைக் குடித்தேன். வேறு என்ன சொல்ல?

காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அதுவும் சமீபத்தில்தான் கிடைத்த பதில். அதற்கு முந்தைய கதையில் நம்ம மெட்ராஸ் வேறு வருகிறது.

கிருமி உள்ளே வந்தால் மட்டும் போதாது

காசநோய்க் கிருமி ஒருவருக்குள் போய்விட்டாலே நோய் என்று அர்த்தமில்லை. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் அது நுழைந்திருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களுக்குள் கிருமி உயிரோடு இருந்தாலும் அடங்கிக் கிடக்கிறது. ஆக, யார் இருமினார், யார் பக்கத்தில் நின்றார் என்பது பாதிக் கேள்விதான். உள்ளே வந்ததை அடக்கி வைக்க அந்த உடம்பில் வலு இருந்ததா என்பது மீதிப் பாதி.

நுரையீரலுக்குள் வரும் கிருமியை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் விழுங்குகின்றன. காசநோய்க் கிருமி மற்றதைப் போல அங்கே செத்துப்போவதில்லை, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். வெளியிலிருந்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்தால்தான் விழுங்கு செல் முறுக்கேறி, நைட்ரிக் ஆக்சைடு போன்ற நஞ்சுகளைத் தயாரித்து உள்ளே இருப்பதைக் கொல்லும். கொல்ல முடியாத மிச்சத்தைச் சுற்றிச் செல்கள் அடுக்கடுக்காகக் கட்டி அடைத்து வைக்கும். இந்த அடைப்பு ஒரு முறை கட்டிவிட்டுப் போகிற மதில் இல்லை. தினக்கூலி கொடுத்து வைத்திருக்கும் காவல் மாதிரி. கூலி நின்றால் ஆள் குறையும்.

கூலி என்று நான் சொல்வது புரதமும் கலோரியும்தான். 1996-ல் அமெரிக்காவில் ஒரு குழு எலிகளை வைத்து இதைப் பார்த்தது. ஒரு கூட்டத்துக்கு 20 சதவீதம் புரதம் உள்ள தீனி, இன்னொன்றுக்கு வெறும் 2 சதவீதம். இரண்டுக்கும் காசநோய்க் கிருமியைக் கொடுத்தார்கள். புரதம் குறைந்த எலிகளில் இன்டர்ஃபெரான் காமா தாமதமாகவும் குறைவாகவும் வந்தது, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி சரியாகத் தலைகாட்டவில்லை, எலிகள் வேகமாகச் செத்தன. அதே எலிகளை முழுப் புரதத் தீனிக்கு மாற்றியதும் கிருமி அடங்கியது. டெக்சாஸில் டேவிட் மெக்முரே என்பவர் வருஷக்கணக்கில் கினிப்பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையேதான் காட்டின. புரதம் குறைந்த விலங்குகளில் பிசிஜி தடுப்பூசி போட்டும் பாதுகாப்பு சரியாகக் கிடைக்கவில்லை.

கொழுப்புக்கும் இதில் பங்கு உண்டு. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பசி, உடல் எடை சம்பந்தமாக நாம் கேள்விப்படும் அதே லெப்டின்தான். பட்டினியில் அது சரிந்தால் டி செல்களின் வேலையும் மந்தமாகிறது. கையிருப்பு இல்லாதபோது உடம்பு செலவைச் சுருக்குகிறது, நோய் எதிர்ப்பிலும் வெட்டு விழுகிறது. ஒல்லியானவர்களுக்குக் காசநோய் ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு விளக்கம். 2010-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடல் நிறைக் குறியெண் (உயரத்துக்கு எடை எப்படி என்று காட்டும் பிஎம்ஐ) ஒன்று கூடக்கூடக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. அதற்காகக் குண்டாகிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சர்க்கரை நோய் வந்தால் காசநோய் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது, நம் ஊரில் அந்தக் கதவும் அகலமாகவே திறந்திருக்கிறது.

மனிதர்களில் இதற்கு மனசைப் பிசையும் ஒரு சாட்சி இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் கைதி முகாம்களிலிருந்து வருகிறது. பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் ஒரே மாதிரி இடத்தில் அடைபட்டு, ஒரே மாதிரி வேலை செய்தார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் வந்தது. ரஷ்யர்களுக்கு வரவில்லை. காசநோய் பிரிட்டிஷ் கைதிகளில் 1.2 சதவீதம், ரஷ்யக் கைதிகளில் 15 முதல் 19 சதவீதம். இப்படி ஒரு பரிசோதனையை இன்று யாரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

மருந்து வருவதற்கு முன்னால் காசநோய்க்கு இருந்த வைத்தியமே காற்று, ஓய்வு, சாப்பாடு என்ற மூன்றும்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கையின் பேரில்தான் எழுந்தது. மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இன்று அது ஒரு ஸ்டேஷன் பெயர். பாலும் முட்டையும் கொடுத்து, மரத்தடியில் படுக்கவைத்து, மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. 1940-களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, பிஏஎஸ் வந்தது, 1952-ல் ஐசோநையசிட் வந்தது. திடீரென்று இது குணமாகிற நோய் ஆகிவிட்டது. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கு எத்தனை சானடோரியம் கட்டினாலும் போதாது.

1956-ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நாலும் சேர்ந்து அமைத்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வழிநடத்தினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இது: நகரத்து ஏழை நோயாளியை அவர் குடிசையிலேயே வைத்து, மாத்திரை மட்டும் கொடுத்தால் குணமாகுமா? 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இருவருக்கும் அதே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. வீட்டில் நெரிசல், வேலை, இருந்தால் சாப்பாடு.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷம் கழித்துக் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும் காசநோய்ச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்ததற்கும் இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். மெட்ராஸ் குடிசைவாசிகள் விழுங்கிய மாத்திரை உலக மருத்துவத்தையே மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

1961-ல் அதே குழு சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுதியது. வீட்டு நோயாளிகளின் உணவு எல்லா வகையிலும் மட்டம், எடையும் சானடோரியத்துக்காரர்கள் அளவுக்கு ஏறவில்லை, ஆனாலும் கிருமி போய்விட்டது. மருந்து சரியாக இருந்தால் கிருமியைக் கொல்ல நல்ல சாப்பாடு கட்டாயமில்லை என்பது அவர்கள் கண்டது. கேட்ட கேள்விக்கு அது நேர்மையான விடை. பிரச்சினை அதைப் படித்தவர்களிடம். காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்தது. திட்டங்கள் மாத்திரையை எண்ணின, சளியை எண்ணின. உணவு ஓர் அறிவுரையாகச் சுருங்கிப் படத்துக்குள் போய்விட்டது. சுவருக்கு வண்ணம் பூச ஆகும் செலவு கம்மி.

நோயாளியின் சளியில் கிருமி போனதா என்பது ஒரு கேள்வி. முதல் இரண்டு மாதத்துக்குள் அவர் செத்துப்போகாமல் இருப்பாரா, மறுபடி இஸ்திரிப் பெட்டியைத் தூக்குவாரா, அவரோடு ஒரே அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த வருஷம் இதே நோய் வருமா என்பதெல்லாம் வேறு வேறு கேள்விகள். மருந்தில்லாத காலத்தில் சாப்பாட்டை மட்டும் நம்பினோம். மருந்து கிடைத்ததும் சாப்பாட்டை மறந்தோம்.

ஜார்கண்டில் கிடைத்த விடை

அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் மங்களூருவில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள். அவர்கள் நடத்திய ஆய்வுக்கு ரேஷன்ஸ் என்றே பெயர், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. 2019 ஆகஸ்டிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை, நடுவில் கோவிட் ஊரடங்கையும் தாண்டி, ஜார்கண்டின் நாலு மாவட்டங்களில் நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுக் கூடை கிடைத்தது. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. பாதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். ஆப்பிள் கிடையாது.

2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் முடிவு வந்தது. உணவு கிடைக்காத வீடுகளில் உடன் வசித்தவர்களில் நூற்றுக்கு 2.6 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு கிடைத்த வீடுகளில் 1.7. வேறு காரணங்களின் பாதிப்பைக் கழித்துக் கணக்கிட்டால் 39 சதவீதக் குறைவு. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். பருப்பு சாதம் ஏறக்குறைய பாதி நோயைத் தடுத்திருக்கிறது. இதே வேலையை ஒரு புது ஊசி செய்திருந்தால் எல்லா சேனலிலும் பிரேக்கிங் நியூஸ் ஓடியிருக்கும்.

நோயாளிகளின் கதையும் அதே அளவுக்குப் பெரியது. சேரும்போது ஐந்தில் நாலு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள், ஏறக்குறைய பாதிப் பேருடைய உடல் நிறைக் குறியெண் 16-க்கும் கீழ். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவின் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் வெறும் இரண்டு கிலோ. சேரும்போது வழக்கமான வேலை செய்ய முடிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். முடிவில் நாலில் மூன்று பங்கு.

இஸ்திரி அண்ணனின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நோயாளிக்கென்று கொடுக்கும் உணவை வீட்டார் பங்கிட்டுக்கொள்வதை அரசுத் திட்டங்கள் எப்போதும் ஒரு குறையாகவே பார்த்து வந்திருக்கின்றன. ‘பயனாளிக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை’ என்று எழுதுவார்கள். பிள்ளையைப் பார்க்கவைத்துச் சாப்பிடாத மனிதன் அங்கே ஒரு கசிவு. ரேஷன்ஸ் ஆய்வோ கிருமி ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கக்கூடிய, ஆனால் இன்னும் நோயாளி ஆகாத அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே அளந்து போட்டது. என் ஊகம் ஒன்று: ஒப்பிட வைத்திருந்த வீடுகளிலும் நோயாளியின் 10 கிலோ கூடையிலிருந்து பிள்ளைகள் தட்டுக்குக் கொஞ்சம் போகாமலா இருந்திருக்கும்? அப்படியென்றால் உணவின் நிஜப் பலன் அந்த 39-ஐவிட அதிகமாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம். இந்த ஆய்வில் பங்காற்றிய நிறுவனங்களில் ஒன்று சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வேறொன்றுமில்லை, 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய அதே மையம்தான். சாப்பாடு கட்டாயமில்லை என்று காட்டிய இடமே அறுபது வருஷம் கழித்துச் சாப்பாடு உயிர் காக்கும் என்று காட்டியதில் எனக்கு முரண் தெரியவில்லை. அப்போது மருந்தைச் சோதித்தார்கள், இப்போது பசியைச் சோதித்தார்கள்.

மாத்திரையில் அடைத்த சத்து, காய்ச்சலில் கொடுக்கும் கஞ்சி

இதைப் படித்துவிட்டு யாராவது ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ வாங்கப் போனால் எனக்கு அழுகை வரும். காசநோய்க்கு வைட்டமின் டி ரொம்ப நாளாகப் பேசப்பட்ட ஒன்று. மங்கோலியாவின் உலான்பாத்தரில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் வாராவாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: காசநோய்த் தொற்று குறையவில்லை. ஒரு சத்தைத் தனியே பிடித்து மாத்திரையாக்கிக் கொடுத்தபோது பலன் இல்லை, அரிசியும் பருப்புமாகக் கொடுத்தபோது இருந்தது. ஜார்கண்ட் வீடுகளிலும் சத்து மாத்திரை கூடவே போனது உண்மைதான். ஆனால் மங்கோலியாவைப் பார்த்த பிறகு என் ஓட்டு பருப்புக்கு.

எல்லாக் கிருமிக்கும் இதே கணக்கும் செல்லாது. காசநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கும் சண்டை. திடீரென்று ரத்தத்தில் கிருமி பரவி ஐசியூவில் படுக்கவைக்கும் தொற்று வேறு ரகம். 1979-லேயே லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குழாய் வழியாக வலுக்கட்டாயமாகத் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். தானாகச் சாப்பிடாமல் கிடந்தவற்றைவிட அவைதான் அதிகம் செத்தன. 2016-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரஸ்லான் மெட்ஸிடோவ் குழு அதைத் திரும்பச் செய்து, கேடு செய்வது குளுக்கோஸ் என்று கண்டது. வேடிக்கை என்னவென்றால், இன்ஃப்ளுவென்சா வைரஸ் தொற்றிய எலிகளுக்கு அதே தீனி நல்லது செய்தது. மனிதர்களில், பெல்ஜியத்தில் 4,640 ஐசியூ நோயாளிகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வு, ரத்தக்குழாய் வழியாகச் சத்தை முதல் வாரத்திலேயே ஏற்றுவதைவிட எட்டாம் நாள் வரை பொறுத்தால் புதுத் தொற்றும் குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம் என்று காட்டியது.

காய்ச்சலில் லங்கணம் போடச் சொன்ன என் அப்பத்தா இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பாள். ஆனால் அவளே மூன்றாம் நாள் கஞ்சியோடு வந்து நிற்பாள், ஐந்தாம் நாள் ரசம் சாதம் பிசைவாள். லங்கணத்துக்கு ஒரு கெடு இருந்தது. எலும்பும் தோலுமாக வரும் காசநோயாளிக்கு அந்தக் கெடு என்றோ முடிந்துபோனது, நோய் வருவதற்கு முன்பே அவர் வருஷக்கணக்கில் லங்கணம்தான். அதே சமயம் அவ்வளவு இளைத்த உடம்பில் ஒரே நாளில் திணித்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்த உடனேயே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் பார்க்கிறார்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். குறியெண் 14-ஐத் தாண்டாதவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பக்குவமாக ஊட்டுகிறார்கள். எந்த எக்ஸ்ரேயும் வேண்டாம், ஒரு எடை மெஷினும் உயரக் கோலும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் போதும். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது.

கூடையில் எவ்வளவு பருப்பு

மத்திய அரசு 2018-லிருந்து காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000. வீட்டாருக்கும் உணவுக் கூடை கொடுக்கலாம் என்று 2024-ல் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அது நிக்ஷய் மித்ரா என்ற நன்கொடையாளர்கள் வழியாக. கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், கும்பிடுகிறேன். இருந்தாலும் நோய்த் தடுப்பு ஒருவர் தர்ம சிந்தனையை நம்பி இருப்பது எனக்கு ஒப்பவில்லை. பிசிஜி ஊசிக்கு நாம் புரவலர் தேடுவதில்லை.

தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிற மாநிலம் நம்முடையது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜார்கண்ட் அளவுப்படி நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி வேண்டும். நம் ரேஷன் அட்டைக்கு அது ஏற்கெனவே இலவசமாகவே கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. பருப்பு ஆறு கிலோ வேண்டும். நம் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். காசநோய் உள்ள வீடுகளின் பட்டியல் அரசின் கணினியில் இருக்கிறது, ரேஷன் அட்டைகளின் பட்டியலும் அரசின் கணினியில்தான் இருக்கிறது. இரண்டையும் பொருத்தி, அந்த வீடுகளுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு இன்னும் ஐந்து கிலோ பருப்பைக் கூட்டிப் போட வேண்டும். நாலு முட்டையும் சேர்த்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.